இதனால் சகலமானவர்களுக்கும்: தண்டோரா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டோரா என்றதும் பாதிப் பேருக்குப் பழைய சினிமாக் காட்சி நினைவுக்கு வரும். மீதிப் பேருக்கு 2022-இல் வந்த தடை நினைவுக்கு வரும். இடையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

தண்டோரா என்றால் சரியாக என்ன?

ஊரில் எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டிய சேதியை, பறையையோ தமுக்கு என்ற சிறு முரசையோ தட்டி, தெருத்தெருவாக வாயால் சொல்லிப் போவது. தமுக்கடித்தல், பறைசாற்றுதல், டாம் டாம் போடுதல் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். வேலை ஒன்றுதான். முக்கில் நின்று நாலைந்து தட்டு, அடியை நிறுத்திச் சேதி, முடிந்ததும் மறுபடி இரண்டு தட்டு, அப்புறம் அடுத்த முக்கு.

சேதியைச் சொல்பவர் அதைத் தன் சொல்லாகச் சொல்வதில்லை. அரசன், பஞ்சாயத்து, தாசில்தார், கோர்ட்டு, கோயில் என்று யாரோ ஓர் அதிகாரத்தின் சொல்லை எடுத்துப் போகிறார். அதனால்தான் பறை ஒலித்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாமல் போனது. ஒருவர் காதில் விழுந்ததா இல்லையா என்பது பேச்சே இல்லை. தெருவில் சொல்லியாகிவிட்டது என்றால், தெருவில் இருக்கும் எல்லோருக்கும் சொன்னதாகக் கணக்கு. வதந்திக்கும் தண்டோராவுக்கும் வித்தியாசம் இதில்தான்.

என்னென்ன சேதிகள் இப்படிச் சொல்லப்பட்டன?

பெரும்பாலும் நீரும் வரியும். ஏரி மடை எப்போது திறக்கும், வாய்க்கால் வெட்ட வீட்டுக்கு எத்தனை ஆள், கிஸ்தி என்ற நிலவரித் தவணை கட்டக் கடைசி நாள் எது, ஜமாபந்தி என்ற வருஷாந்தர வரிக்கணக்குத் தணிக்கைக்கு அதிகாரி என்றைக்கு வருகிறார். அப்புறம் அம்மை குத்த ஆள் வருவது, காணாமல் போன மாடு, ஆற்றில் வெள்ளம், கண்மாய் வற்றியதும் மீன்பிடிக்கும் நாள், திருவிழாக் காப்புக்கட்டு, ஏலம், கடனுக்காகச் சொத்தைக் கைப்பற்றும் ஜப்தி. ரேஷன் கடைகள் வந்த பிறகு சர்க்கரையும் மண்ணெண்ணெயும் வந்த சேதியும் இதில் சேர்ந்துகொண்டது.

சொல்லும் பாணி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நாளைக்குக் காலையில ஏரி மடை தொறக்கிறாங்க, பாசனக்காரங்க எல்லாரும் வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட வந்து சேரணும், வராதவங்களுக்கு அபராதம் உண்டு, சாமியோவ்!"

முதல் பாதி கச்சேரி பாஷை, அதாவது அரசு அலுவலகத் தமிழ். யாரோ எழுதிக் கொடுத்தது அல்லது சொல்லிக் கொடுத்தது. பின்பாதி சொல்பவரின் சொந்தப் பேச்சு. கடைசியில் வரும் "சாமியோவ்" சும்மா ஓசைக்காக வந்து ஒட்டிக்கொண்டதாக நினைக்கிறோம். அபராதம் விதிக்கும் சேதியைச் சொல்கிற ஆள், கேட்பவர்களைச் சாமி என்று கூப்பிட வேண்டியிருந்தது என்பதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். இந்த விஷயத்துக்குக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவோம்.

இது எவ்வளவு பழைய வழக்கம்?

தமிழில் முழு அறிவிப்பும் சொல் சொல்லாகக் கிடைக்கும் மிக அழகான இடம் மணிமேகலை. அதன் முதல் காதைக்கே விழாவறை காதை என்றுதான் பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா நடத்த முடிவாகிறது. வச்சிரக் கோட்டம் என்ற கோயிலின் முரசை யானையின் பிடரியில் ஏற்றுகிறார்கள். வாள்வீரரும் தேரும் குதிரையும் களிறும் சூழ்ந்துவர, முரசு அறையும் "முதுகுடிப் பிறந்தோன்" நகருக்குள் அறிவித்துப் போகிறான்.

அவன் எடுத்த எடுப்பில் சேதிக்குப் போவதில்லை. முதலில் ஊரை வாழ்த்துகிறான். அப்புறம் மழை: "வானம் மும்மாரி பொழிக." அதற்குப் பிறகுதான் மன்னனின் செங்கோல். ஊர், மழை, மன்னன் என்ற இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைய அரசு விழா அழைப்பிதழ்களில் வரிசை எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

வாழ்த்து முடிந்ததும் வேலைப் பட்டியல். தோரணம் கட்டுங்கள், பூரணகும்பமும் பாலிகையும் பாவை விளக்கும் வையுங்கள். குலை தள்ளிய கமுகும் வாழையும் கரும்பும் நடுங்கள். "பழமணல் மாற்றுமின், புதுமணல் பரப்புமின்" என்று தெருவுக்கும் மன்றத்துக்கும் உத்தரவு. நெற்றிக்கண் இறைவன் தொடங்கி நாற்சந்தித் தெய்வம் வரை எல்லாக் கோயில்களிலும் முறை அறிந்தவர்கள் பூசை செய்யட்டும். சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் ஏறி முறைப்படி வாதம் செய்யட்டும். பகைவரைக் கண்டாலும் சண்டை சச்சரவு வேண்டாம், விலகிப் போங்கள். இருபத்தெட்டு நாளும் இப்படி. கடைசியில் பசியும் பிணியும் பகையும் நீங்கட்டும் என்று மறுபடி வாழ்த்தி முடிக்கிறான்.

விழாக்காலத்துச் சட்டம் ஒழுங்கு, துப்புரவு, அலங்காரம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. மணலை மாற்று என்று சொல்வதற்கு ஒரு யானை தேவைப்பட்டிருக்கிறது.

போர் அறிவிப்பும் இப்படித்தானா?

புறநானூற்றின் 9-ஆம் பாட்டில் நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடுகிறார். பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள் எல்லோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், எங்கள் அம்பு வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போர் தொடங்குபவன் அவன் என்பது பாட்டு. அறம் என்று புகழ்ந்து பாடியது. நடைமுறையில் எத்தனை போர் இப்படி நடந்தது என்பது வேறு விஷயம்.

சிலப்பதிகாரத்தில் வருவது இன்னும் சாமர்த்தியமான இடம். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை செய்யக் கல் எடுக்க வடக்கே இமயத்துக்குப் போக முடிவு செய்கிறான். வடநாட்டு அரசர்களுக்கு ஓலை அனுப்பலாம் என்று ஒரு யோசனை வருகிறது. அவன் அமைச்சன் அழும்பில்வேள் குறுக்கிட்டு, ஓலையெல்லாம் எதற்கு, பகை அரசர்களின் ஒற்றர்கள் நம் தலைநகர் வஞ்சியின் வாசலை விட்டு நகர்வதே இல்லை, இங்கே பறை அறைந்தால் போதும், அவர்களே தங்கள் ராஜா காதில் போட்டுவிடுவார்கள் என்கிறான். உடனே யானைமேல் பறை ஏறுகிறது. வழியில் உள்ள மன்னர்கள் திறையோடு எதிர்வந்து நிற்க வேண்டும் என்று வஞ்சி நகரத் தெருவில் அறிவிப்பு. சொன்னது உள்ளூர்க்காரர்களிடம், சேதி போக வேண்டியது இமயத்துக்கு. தலைவர்கள் இன்று உள்ளூர் மேடையில் பேசி அயல்நாட்டுக்குச் சேதி அனுப்புவதும் இதே வேலைதான்.

வட இந்தியாவில் அசோகர் தன் நான்காம் பாறைக் கல்வெட்டில், போர் முரசின் ஒலி இனித் தர்மத்தின் ஒலியாகிவிட்டது என்று எழுதிவைத்தார். முரசு என்றால் அரசின் குரல் என்பது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தால்தான் இப்படி ஒரு வாக்கியம் எழுத முடியும்.

யானைமேல் இருந்தவர் எப்படித் தெருவுக்கு வந்தார்?

நேராக ஒரு கோடு போட்டு, அவர்தான் இவர் என்று காட்ட முடியாது. அரச முரசு அறைந்தவரும் கிராமத்தில் தமுக்கடித்தவரும் வேறு வேறு ஏற்பாட்டைச் சேர்ந்தவர்கள். காப்பியங்களும் உரைகளும் அரச முரசு அறைபவரை வள்ளுவர் என்கின்றன (குறள் எழுதியவரை அல்ல, அந்த வேலை செய்தவர்களின் பெயர் அது). கிராமத்தில் இந்த வேலை வெட்டியான், தோட்டி, சில இடங்களில் தலையாரி போன்ற ஊர்ப் பணியாளர்கள் தலையில் விழுந்தது. பெரும்பாலும் பறையர் அல்லது பிற பட்டியல் சாதிக் குடும்பங்கள். வம்சாவளியாக, அப்பாவுக்குப் பின் மகன். முதுகுடி என்று மணிமேகலை சொல்வதும் ஒருவகைப் பரம்பரை உரிமைதான். ஆனால் உரிமையாக இருந்தது ஒரு கட்டத்தில் விட்டு விலக முடியாத கடமையாக மாறியிருந்தது.

கூலி என்று மாதச் சம்பளம் கிடையாது. கொஞ்சம் மானிய நிலம் இருக்கலாம். அறுப்புக் காலத்தில் களத்தில் படி அளப்பார்கள். அதற்காக அவர் செய்ய வேண்டிய வேலைகளில் தண்டோரா ஒன்று மட்டுமே. இழவு சொல்லி வெளியூர் போவது, குழி வெட்டுவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, கலெக்டர் முகாம் வந்தால் எடுபிடி எல்லாம் சேர்ந்தே வரும்.

புறநானூற்றில் மோசிகீரனார் கதை எல்லோருக்கும் தெரியும். முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்த நேரத்தில், களைப்பில் அந்தப் பூப்பரப்பிய முரசுகட்டிலில் புலவர் படுத்துத் தூங்கிவிட, பெருஞ்சேரல் இரும்பொறை கோபப்படாமல் விசிறிவிட்டான். அரசனின் பெருந்தன்மைக்குச் சான்றாக இதைச் சொல்வார்கள். முரசுக்கென்று ஒரு கட்டில் இருந்தது, அதில் ஆள் படுத்தால் தலை போகும் என்பதும் அதே பாட்டிலிருந்துதான் தெரிகிறது. கருவிக்கு அத்தனை மரியாதை இருந்த நாட்டில், பின்னாளில் கருவியைத் தட்டியவருக்கு டீக்கடையில் தனிக் குவளை.

என்ன கருவி தட்டுவார்கள்?

தமுக்கு அல்லது பறை. பறைக்குத் தப்பு என்றும் பெயர். வட்டமான மரச்சட்டம், மூன்று துண்டுகளை வளைவாகச் செதுக்கி இரும்புப் பட்டை அடித்துச் சேர்த்தது. ஒரு பக்கம் மட்டும் தோல். புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டி, இழுத்துக் கட்டிக் காயவிடுவார்கள். குச்சி இரண்டு: இடக்கையில் மெல்லிசான நீளக் குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும். அதனால் கிளம்பும்முன் கொஞ்சம் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி அந்த அனலில் தோலைக் காட்டுவார்கள். விரலால் சுண்டிப் பார்த்து, கணீரென்று வந்தால்தான் தோளில் மாட்டுவது. மழைக்காலத்தில் வெள்ள எச்சரிக்கை சொல்லப் போகிறவருக்கு இது லேசான வேலை இல்லை.

வெள்ளைக்காரர் வந்ததும் இது ஒழிந்திருக்க வேண்டுமே?

ஒழியவில்லை, சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வரி வசூலும் கோர்ட்டும் கிராமம் வரைக்கும் நீண்டபோது, சேதி சொல்ல ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 21, விதி 54 என்று ஒன்று உண்டு. அசையாச் சொத்தை ஜப்தி செய்தால், அந்த உத்தரவைச் சொத்து இருக்கும் இடத்திலோ அதன் அருகிலோ பறையடித்து அல்லது வழக்கமான வேறு முறையில் அறிவிக்க வேண்டும். நகலைச் சொத்தில் கண்ணில் படும் இடத்திலும் நீதிமன்றத்திலும் ஒட்ட வேண்டும். ஏல விற்பனைக்கான அறிவிப்பும், விதி 67-இன்படி, முடிந்தவரை இதே முறையில்தான். இந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், டிக்ரி, அதாவது தனக்குச் சாதகமான தீர்ப்பு, வாங்கியவர் செலவுப் பணமான பேட்டாவைக் கட்டுவார். கோர்ட்டு ஊழியரான அமீனா கிராமத்துக்கு வருவார். ஓர் ஆளைக் கூப்பிட்டுத் தமுக்கடிக்கச் சொல்லி, சொத்தின் முன்னால் நின்று அறிவித்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, இன்ன தேதியில் தண்டோரா போட்டேன் என்று அறிக்கை எழுதிக் கோர்ட்டில் கொடுப்பார். சில நேரம் தமுக்கு அடிக்காமலே அறிக்கை மட்டும் வந்து சேர்ந்துவிட்டது என்று சொத்தை இழந்தவர் வழக்கு போடுவார். ஏலத்தை முறையாக அறிவிக்காததால் எனக்குப் பெருநஷ்டம் என்று விதி 90-இன் கீழ் ஏலத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நஷ்டத்தை அவர் நிரூபிக்க வேண்டும். சொத்து போயிற்றா நிலைத்ததா என்பது, ஒரு மத்தியான வேளையில் ஒரு தெருவில் பறை ஒலித்ததா என்ற கேள்வியில் போய் நிற்கும்.

குற்ற வழக்கில் தலைமறைவானவரைத் தேடும் பிரகடனத்துக்கு வேறு ஏற்பாடு. அவர் வழக்கமாக வசிக்கும் ஊரில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் அதை உரக்க வாசிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 82-ஆம் பிரிவாக இருந்தது, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 84-ஆம் பிரிவாக இருக்கிறது. பறை இல்லை, வாய் உண்டு.

எழுதி ஒட்டினால் போதாதா?

படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் போதும். 1951 கணக்கெடுப்பில்கூட இந்தியாவில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். சுவரில் ஒட்டியதை யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு.

அரசாங்கத்துக்கு எதிரான அறிவிப்பு என்றால் கதை வேறு. 1801 ஜூன் மாதம் மருது பாண்டியர் வெளியிட்ட ஜம்புத்தீவுப் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) மூக்குக்குக் கீழே பறையடித்து அதைச் சொல்லியிருக்க முடியாது. ஒட்டியதை எடுப்பவன் பஞ்சமாபாதகம் செய்தவன் ஆவான் என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். காகிதத்துக்குக் காவல் இருக்க ஆள் இல்லாதபோது சாபம்தான் காவல்.

1858 நவம்பர் 1-ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் பிரகடனத்தை அச்சடித்ததோடு நிறுத்தவில்லை. ஊர் ஊராகக் கூட்டம் கூட்டி, அந்தந்த மொழியில் உரக்க வாசிக்கவும் செய்தார்கள். ஆட்சி கை மாறியது என்பதைக் காதில் போட்டால்தான் நம்புவார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

கோயில் "சாட்டுதல்" என்கிறார்களே, அதுவும் இதுதானா?

ஆமாம், இதன் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம். கொங்குப் பக்கம் மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) முன்னால், விழா தொடங்குகிறது என்று ஊருக்கு அறிவிக்கும் பூச்சாட்டு நடக்கும். பண்ணாரியில் குண்டம் திருவிழா தொடங்குவதும் பூச்சாட்டோடுதான். சாட்டியாகிவிட்டது என்றால் ஊர் முழுவதும் ஒரு கட்டுக்குள் வந்துவிடும். பல ஊர்களில் சாட்டிய பிறகு வெளியூர் போனவர்கள் இரவு தங்காமல் திரும்பிவிட வேண்டும், கல்யாணம் காட்சி வைக்கக் கூடாது. அரசாங்க அறிவிப்பை மீறினால் அபராதத்தோடு போகும். அம்மன் அறிவிப்பை மீறினால் அம்மை வரும் என்ற பயம் இருந்ததால், இதுதான் கூடுதல் ஒழுங்காக நடந்தது.

இலங்கையில் எப்படி?

கண்டி அரசில் ராஜ கட்டளையை அறிவிக்கத் தனி முரசு உண்டு, சிங்களத்தில் அண பெர என்பார்கள். முழக்கியவர்கள் பெரவா என்ற முரசறையும் சாதியினர். அங்கும் சாதி விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் நிலம் விற்பது சம்பந்தமான ஒரு விஷயம் சுவையானது. ஒல்லாந்தர் 1707 வாக்கில் தொகுத்த தேசவழமையின்படி, ஒருவர் காணியை விற்கும்முன் உரித்துடையவர்களும் அக்கம்பக்கத்துக் காணிக்காரர்களும் அறிய வேண்டும், ஏனென்றால் முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்கு. இதற்காக ஒல்லாந்தர் வைத்த ஏற்பாடு, தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பது. சனங்களை ஞாயிறுதோறும் ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டால் தெருத்தெருவாகப் போக வேண்டியதில்லை பாருங்கள்.

மற்ற நாடுகளில்?

ரோமாபுரியில் பிரேக்கோ என்ற அறிவிப்பாளர் ஏலத்தையும் கூட்டத்தையும் கூவிச் சொன்னார். பிரெஞ்சு கிராமங்களில் முரசோடு வந்த ஊர்க்காவலர் சொன்னார். இங்கிலாந்தில் கைமணி ஆட்டி, "ஓயே" என்று மூன்று முறை கூவி ஆரம்பிப்பார்கள், பிரெஞ்சில் "கேளுங்கள்" என்று பொருள். அங்கே இப்போது அது மூன்றுமூலைத் தொப்பியும் சரிகைக் கோட்டும் போட்ட அலங்காரப் பதவி. போட்டிகள்கூட வைக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அந்த வேலையைப் பிறப்போடு கட்டிப்போடாததால் அதை வேடிக்கையாக வைத்துக்கொள்ள அவர்களால் முடிகிறது.

தமிழ்நாட்டில் தண்டோராவுக்குத் தடை வந்தது எப்போது?

2022 ஆகஸ்டில். அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். அறிவியல் இத்தனை வளர்ந்த பிறகும் ஆளை வைத்துத் தண்டோரா போடுவது தொடர வேண்டியதில்லை, ஒலிபெருக்கியை வண்டியில் பொருத்திச் சேதியைக் கொண்டு சேர்க்கலாம், மீறி ஆட்களை ஈடுபடுத்தினால் கடும் நடவடிக்கை என்பது அதன் சாரம்.

அதற்கு முன்பே இந்த ஏற்பாடு பாதி உதிர்ந்துவிட்டிருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. பரம்பரைக் கிராம நிர்வாகம் அதோடு முடிந்து, வி.ஏ.ஓ. என்ற கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தலையாரி, வெட்டியான் பதவிகள் பின்னாளில் கிராம உதவியாளர் என்ற பெயருக்குள் வந்தன. அதற்கும் முன்னால், தட்டமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் இருக்கிறார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிப்பதை எதிர்த்து இயக்கமே நடத்தினார். வேலை நின்றதற்கான பெருமை ஒலிபெருக்கிக்கு மட்டும் சேராது.

ஒரு பாரம்பரியத்தைத் தடை செய்யலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் யாரும் தம் பிள்ளையைத் தமுக்கோடு தெருவுக்கு அனுப்பத் தயாராக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தடை சரி. தாமதமாக வந்தது என்பதுதான் குறை.

ஆனால் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தண்டோரா போட்டவரை நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்தது. "ஏம்ப்பா, எந்த மடை? கிழக்கு மடையா, மேற்கா?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும், அவரும் நின்று பதில் சொல்வார். காது மந்தமான கிழவிக்குப் பக்கத்தில் போய் இன்னொரு தடவை சொல்வார். ஒலிபெருக்கி ஆட்டோ அப்படி நிற்காது. பதிவு செய்த குரல், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், வண்டி வளைவதற்குள் பாதி வாக்கியம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாம், ஆனால் அதில் இல்லாத வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன, பெரும்பாலும் அதே தெருக்களில். கிராம சபைக் கூட்டம் எப்போது நடந்தது என்றே தெரியாது என்று சொல்பவர்களை விசாரித்துப் பார்த்தால் இது விளங்கும். ஆளை அனுப்பலாம், நல்ல சம்பளம் கொடுத்து, எந்தச் சாதியிலிருந்தும், பறை இல்லாமல். அதைச் செய்யத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

தடையால் பறை இசையே அழிந்துவிடாதா?

இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தடை, ஆளை வைத்து ஊர்ச்சேதி அறிவிப்பதற்குத்தான். மேடையில் பறை இப்போதுதான் தலைநிமிர்ந்து நிற்கிறது. கல்லூரி மாணவர்கள், பெண்கள், ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் கற்றுக்கொள்கிறார்கள். மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அடிக்கச் சொல்லி அடிப்பது வேறு, விரும்பி அடிப்பது வேறு என்பது பறையைக் கையில் எடுத்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் ஊரில் இன்னும் ஓர் ஆளைத்தான் தமுக்கடிக்க அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

முதலில் அவரிடம் பேசுங்கள். நீங்கள் புகார் கொடுத்து, அவருக்குக் கிடைக்கும் கொஞ்சக் கூலியும் நின்று, ஊரின் கோபம் அவர்மேல் திரும்பினால் உதவி செய்ததாக ஆகாது. அவர் விருப்பம் தெரிந்த பிறகு, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். 2022 ஆகஸ்டு மாதத் தலைமைச் செயலாளர் கடிதத்தை மனுவில் குறிப்பிடுங்கள். பஞ்சாயத்துக்கு ஒலிபெருக்கி வாங்க ஏற்பாடு செய்யும்படியும், அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்கும்படியும் அதிலேயே கேளுங்கள்.

வற்புறுத்தி அனுப்புகிறார்கள் என்றால் விஷயம் கடிதத்தைத் தாண்டிப் போகிறது. கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு தடை செய்கிறது. தீண்டாமையின் பெயரால் இழிவான வேலைகளைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது, 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஏ பிரிவில் குற்றம். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறந்துவிடாதீர்கள்.